கரும்பலகையிலிருந்து 40 ஒளியாண்டு தொலைவுக்கு

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

2025 ஏப்ரலில் உங்கள் மாணவர்கள் பலர் ஒரு கேள்வியோடு வகுப்புக்கு வந்திருப்பார்கள். "120 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஒரு கோளில் உயிர் இருக்கிறதாமே, உண்மையா?" கே2-18பி என்ற அந்தக் கோளைப் பற்றிய செய்தி தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு வாரம் ஓடியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி ஓர் 'இன்னொரு பூமி' வருகிறது, பரபரப்பாகிறது, மறைகிறது. அது என்ன ஆயிற்று என்று பிறகு யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். பிற விண்மீன்களைச் சுற்றும் பூமி போன்ற கோள்களை விண்வெளித் தொலைநோக்கிகள் தேடுகின்றன. அந்தத் தேடலின் அடிப்படைக் கணக்குகள் எல்லாம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இருக்கின்றன. ஈர்ப்பியல் பாடத்தில் கெப்ளர் விதிகள், வெப்பவியலில் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் விதி, அலைகள் பாடத்தில் டாப்ளர் விளைவு. இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிப்போடும் ஒருவர், விரும்பினால் அதே சாக்பீஸால் 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு கோளின் அளவையும் வெப்பநிலையையும் கணக்கிட்டுக் காட்டலாம். ஆண்டுக்கு ஒரு பீரியட் இதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் அளவு. 2004 ஜூன் 8 அன்று சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் ஆறு மணி நேரம் கடந்து சென்றது. உங்களில் பலர் அன்று சூரியக் கண்ணாடியோடு மாணவர்களைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தியிருப்பீர்கள், அல்லது மாணவராக நீங்களே நின்றிருப்பீர்கள். அந்தச் சிறு கரும்புள்ளி சூரிய வட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கை மறைத்தது. நமக்கு வந்த வெளிச்சமும் அந்த அளவுக்குக் குறைந்தது. கெப்ளர், டெஸ் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் தேடுவது இதே நிகழ்வைத்தான். அவற்றுக்குக் கரும்புள்ளி தெரியாது, விண்மீனே வெறும் ஒளிப்புள்ளிதான். அந்தப் புள்ளியின் வெளிச்சம் சற்றே குறைந்து, சில மணி நேரம் அப்படியே இருந்து, மீண்டும் பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்க்கிறார்கள். குறைந்த அளவிலிருந்து கோளின் ஆரம் கிடைக்கிறது. அடுத்த முறை எப்போது குறைகிறது என்பதிலிருந்து சுற்றுக்காலம் கிடைக்கிறது.

குறையும் அளவு என்பது இரண்டு ஆரங்களின் விகிதத்தின் வர்க்கம், அவ்வளவுதான். சூரியனின் ஆரம் பூமியின் ஆரத்தைப் போல் 109 மடங்கு. தொலைவிலிருந்து பார்க்கும் ஒருவருக்குப் பூமி சூரியனைக் கடக்கும்போது வெளிச்சம் சுமார் 12,000-இல் ஒரு பங்கு குறையும். அதுவும் சுமார் 13 மணி நேரம்தான், ஆண்டுக்கு ஒரே ஒரு முறை. பாதையின் சாய்வும் சரியாக அமைந்திருக்க வேண்டும். கண்டபடி சாய்ந்து கிடக்கும் பாதைகளில் இருநூறில் ஒன்றுதான் அப்படி நம் பார்வைக் கோட்டில் அமையும்.

இந்த எண் எவ்வளவு சிறியது என்பதை மாணவர்கள் கையால் உணர முடியும். 12 செ.மீ. விட்டமுள்ள உருண்டை எல்இடி விளக்கை இருட்டறையில் எரிய விடுங்கள். ஒரு மீட்டர் தள்ளி, வெளிச்சத்தை அளக்கும் செயலி உள்ள கைபேசியை வையுங்கள். விளக்கை ஒட்டினாற்போல ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை நூலில் கட்டி நகர்த்தினால் திரையில் எண் பத்தில் ஒரு பங்கு இறங்கும். பந்துக்குப் பதில் கோலிக்குண்டு என்றால் நூறில் ஒன்றோ இரண்டோ குறையும், அதைக் கவனிக்கவே கண்ணை ஊன்ற வேண்டியிருக்கும். பிறகு நூல் முனையில் ஒரு கசகசா விதையை ஒட்டி நகர்த்தச் சொல்லுங்கள். எண் அசையவே அசையாது. சூரியன் அந்த விளக்கு என்றால் பூமி அந்தக் கசகசா. கெப்ளர் தொலைநோக்கிக்கு இடப்பட்ட வேலை அந்தக் கசகசாவைப் பிடிப்பதுதான்.

அந்த வேலை முடியும் என்று நம்ப வைக்கவே வில்லியம் பொருக்கி என்ற அறிவியலாளர் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1984-லேயே இந்த முறையைப் பற்றி எழுதியவர் அவர். 1990-களில் அவருடைய குழுவின் திட்ட முன்மொழிவை நாசா நான்கு முறை நிராகரித்தது. இவ்வளவு நுட்பமாக வெளிச்சத்தை அளக்க முடியாது என்றார்கள், அளந்து காட்டினார். விண்கலத்தின் அதிர்வில் அந்த நுட்பம் நிற்காது என்றார்கள், ஆய்வகத்தில் அதே நிலைமையை உண்டாக்கி நிரூபித்தார். 2001-இல் ஒப்புதல் கிடைத்தது. 2009 மார்ச்சில் கெப்ளர் ஏவப்பட்டது. அன்னம், யாழ் விண்மீன் குழுக்களின் பக்கம் வானின் ஒரே பகுதியைப் பார்த்தபடி, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விண்மீன்களை அது நான்கு ஆண்டுகள் இடைவிடாமல் கண்காணித்தது. அதன் தரவுகளிலிருந்து 2,600-க்கும் மேற்பட்ட கோள்கள் உறுதிசெய்யப்பட்டிருக்கின்றன. பிற விண்மீன்களைச் சுற்றுவதாக இன்று அறியப்பட்ட கோள்களின் மொத்த எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது.

ஆனாலும் கெப்ளர் எதற்காகச் சென்றதோ அது முழுதாகக் கைகூடவில்லை. ஓராண்டுச் சுற்றுக்காலம் கொண்ட கோளை நம்ப வேண்டுமானால் குறைந்தது மூன்று கடப்புகளைப் பார்க்க வேண்டும், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். விண்மீன்களின் ஒளியோ எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தானாகவே ஏறி இறங்கியது. அந்தச் சலசலப்பில் 12,000-இல் ஒரு பங்கு மூழ்கிப் போகிறது. இன்னும் சில ஆண்டுகள் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். 2013 மே மாதத்தில், விண்கலத்தை ஒரே திசையில் நிலைநிறுத்திய நான்கு சுழல் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானது. பொறியாளர்கள் சூரிய ஒளியின் அழுத்தத்தையே மூன்றாவது ஆதாரமாகக் கொண்டு விண்கலத்தை நிலைநிறுத்தி, 2018 அக்டோபரில் எரிபொருள் தீரும் வரை வேலை வாங்கினார்கள். ஒளிக்கு அழுத்தம் உண்டு என்பதற்கு வகுப்பில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. என்றாலும் அந்தப் பழைய வான்பகுதியை அதன்பின் கெப்ளரால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. சூரியனைப் போன்ற விண்மீனை ஏறக்குறைய ஓராண்டில் சுற்றிவரும், பூமி அளவுள்ள, ஐயமற உறுதிசெய்யப்பட்ட கோள் ஒன்றுகூட இன்றுவரை நம் பட்டியலில் இல்லை. தலைப்புச் செய்திகள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

அதனால்தான் தேடல் சிறிய, மங்கலான சிவப்புக் குறுமீன்களின் பக்கம் திரும்பியது. விண்மீன் சிறியதாக இருந்தால் கோள் மறைக்கும் பங்கு பெரிதாகும். இங்கே கரும்பலகைக்கு வருவோம். கும்பம் விண்மீன் குழுவில் டிராப்பிஸ்ட்-1 என்று ஒரு விண்மீன் இருக்கிறது. தொலைவு சுமார் 40 ஒளியாண்டு. ஆரம் சூரியனின் ஆரத்தில் 0.119 பங்கு, நிறை 0.09 பங்கு, மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 2,570 கெல்வின். அதைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக மிக்கேல் கியோனின் குழு 2017 பிப்ரவரியில் அறிவித்தது. ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அந்த விண்மீனை ஏறத்தாழ மூன்று வாரம் விடாமல் பார்த்ததால் வந்த முடிவு அது. நான்காவது கோளான டிராப்பிஸ்ட்-1இ-யை எடுத்துக்கொள்வோம்.

அது கடக்கும்போது வெளிச்சம் 0.5 சதவீதம் குறைகிறது. 0.005-இன் வர்க்கமூலம் 0.071. விண்மீனின் ஆரம் பூமியின் ஆரத்தைப் போல் 0.119 × 109, அதாவது 13 மடங்கு. 13-ஐ 0.071-ஆல் பெருக்கினால் 0.92. கோளின் ஆரம் கிடைத்துவிட்டது: பூமியில் 0.92 பங்கு.

சுற்றுக்காலம் 6.1 நாள், ஆண்டுக் கணக்கில் 0.0167. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி இதன் வர்க்கத்தை விண்மீனின் நிறையால் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 0.029 வானியல் அலகு வரும். அதாவது சுமார் 44 லட்சம் கிலோமீட்டர். புதன் சூரியனிலிருந்து இருக்கும் தொலைவில் பதின்மூன்றில் ஒரு பங்குதான்.

அடுத்தது வெப்பநிலை. கோள் தன் குறுக்குவெட்டுப் பரப்பால் ஒளியை வாங்குகிறது, முழு மேற்பரப்பாலும் வெப்பத்தை உமிழ்கிறது. இரண்டையும் சமப்படுத்தினால், விழும் ஒளி முழுவதையும் கோள் உட்கவர்கிறது என்ற எளிய அனுமானத்தில், விண்மீனின் வெப்பநிலையை ஆரத்துக்கும் இருமடங்கு தொலைவுக்குமான விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும். விடை சுமார் 250 கெல்வின், அதாவது மைனஸ் 23 டிகிரி செல்சியஸ். குளிர்தான், ஆனால் தண்ணீருக்கு வாய்ப்பே இல்லை என்று தள்ளிவிடக்கூடிய குளிர் அல்ல. இத்தனையும் இருபது நிமிடத்தில் மாணவர்களின் கையாலேயே வந்துவிடும்.

நிறை வேண்டுமென்றால் டாப்ளர் விளைவு. கோள் விண்மீனைச் சுற்றும்போது விண்மீனும் சற்றே ஆடுகிறது. சூரியன் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளை 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கேலோவும் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். 2019-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியைக் கொண்டு விண்மீனின் பரப்பில் நடப்பதை அளக்கும் வேலை நம் கொடைக்கானலில் 1909-லேயே நடந்திருக்கிறது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்வதை ஜான் எவர்ஷெட் அங்கேதான் கண்டறிந்தார். உலகப் பாடநூல்களில் அது எவர்ஷெட் விளைவு. மேயரும் கேலோவும் அளந்தது விநாடிக்கு 60 மீட்டருக்கும் சற்றுக் குறைவான ஆட்டம். பூமி சூரியனை ஆட்டுவதோ விநாடிக்கு வெறும் 9 சென்டிமீட்டர். இன்றைய கருவிகள் எட்டிப்பிடிக்கத் தவிக்கும் இலக்கு அது. டிராப்பிஸ்ட்-1 குடும்பத்தில் வேறொரு வழியும் இருந்தது. ஏழு கோள்களும் ஒன்றையொன்று இழுப்பதால் கடப்பு நேரங்கள் முன்பின்னாகின்றன. அந்த வித்தியாசத்திலிருந்து நிறைகளைப் பெற்றார்கள். 1இ கோளின் நிறை பூமியில் 0.69 பங்கு. அடர்த்தியைக் கணக்கிட்டால் பூமியின் அடர்த்திக்குச் சற்றே குறைவு. பாறைக் கோள்தான்.

இதே கணக்கை கே2-18பி கோளுக்கும் போடச் சொல்லுங்கள். ஆரம் பூமியைப் போல் 2.6 மடங்கு, நிறை 8.6 மடங்கு. 2.6-இன் கனம் 17.6. ஆக, அடர்த்தி பூமியின் அடர்த்தியில் பாதி. பூமி போன்ற பாறைக் கோளாக அது இருக்க முடியாது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். உயிரின் அடையாளமாகக் கருதப்படும் டைமெத்தில் சல்ஃபைடு அங்கே இருக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு சொன்னது உண்மைதான். ஆனால் அது மூன்று சிக்மா அளவிலான அடையாளம், கண்டுபிடிப்பு என்று ஏற்க வழக்கமாகக் கேட்கப்படும் ஐந்து சிக்மாவை அது எட்டவில்லை. அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்த பிற குழுக்களுக்கு அந்த அடையாளம் உறுதியாகத் தெரியவும் இல்லை. இதில் யாருக்கும் தலைகுனிவில்லை. சொல்வது, சரிபார்ப்பது, மறுப்பது என்றுதான் அறிவியல் நகர்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மதராஸ் வான் ஆய்வகத்தின் இயக்குநர் கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூகி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் தெரிந்த பிறழ்வுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் காரணமாக இருக்கலாம் என்று 1855-லேயே அறிவித்தார். சூரியக் குடும்பத்துக்கு வெளியே கோள் இருப்பதாக அளவீட்டின் அடிப்படையில் சொன்ன மிகப் பழைய கூற்றுகளில் ஒன்று அது. பிற்கால அளவீடுகள் அதை ஏற்கவில்லை. தேடலில் அவருக்குரிய இடம் அதனால் போய்விடவில்லை.

ஆரமும் நிறையும் தொலைவும் கிடைத்துவிட்டால் 'இன்னொரு பூமி' கிடைத்துவிட்டதா? வகுப்பில் தவறாமல் எழுப்ப வேண்டிய கேள்வி இதுதான், இதற்கு விடை சொல்ல வெள்ளிக் கோள் போதும். வெள்ளியின் ஆரம் பூமியில் 0.95, நிறை 0.82. சற்றுமுன் எழுதிய வெப்பநிலைச் சூத்திரத்தைப் போட்டால் பூமிக்கு 5 டிகிரி செல்சியஸும் வெள்ளிக்கு 54 டிகிரியும் வரும். நிஜத்தில் பூமியின் சராசரி 15 டிகிரி, வெள்ளியின் தரையோ 460 டிகிரியில் கொதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பெரும் வேறுபாடு வளிமண்டலம். 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒருவர் நம்மிடம் உள்ள கருவிகளால் நம் சூரியக் குடும்பத்தைப் பார்த்தால், வெள்ளியையும் பூமியையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பட்டியலிடுவார்.

ஆகவே வளிமண்டலத்தைப் பார்க்க வேண்டும். 6.5 மீட்டர் ஆடியுடன் 2021 டிசம்பர் 25-இல் புறப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இப்போது டிராப்பிஸ்ட்-1 குடும்பத்தில் அதைத்தான் தேடுகிறது. உட்புறக் கோளான 1பி-யின் பகல் பக்கம் சுமார் 500 கெல்வின் இருப்பதை அகச்சிவப்பில் அளந்தார்கள். காற்று இருந்தால் வெப்பத்தை இரவுப் பக்கம் கொண்டுபோயிருக்கும். அப்படி நடந்ததற்கு அடையாளம் இல்லை. 1சி-க்கு வெள்ளியைப் போன்ற தடித்த கரியமில வாயுப் போர்வை இல்லை என்று தெரிந்தது. 1இ-யைப் பற்றிய முதல் முடிவுகள் 2025 செப்டம்பரில் வந்தன. ஹைட்ரஜன் மிகுந்த ஆதி வளிமண்டலம் அங்கே இல்லை என்பது வரைதான் இப்போதைக்குச் சொல்ல முடிகிறது. விண்மீனின் மேற்பரப்பில் உள்ள புள்ளிகள் நிறமாலையைக் குழப்புகின்றன. கூடுதல் கடப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'உயிர் இருக்கிறது', 'உயிர் இல்லை' என்ற இரண்டு பதில்களுக்கு நடுவில் 'இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம்' என்று மூன்றாவது பதிலும் உண்டு என்பதை ஒரு மாணவர் பதினாறு வயதில் கற்றுக்கொண்டால், அது வானியலோடு நிற்காது. மருத்துவச் செய்தி, தேர்தல் கணிப்பு, முதலீட்டு ஆசை என எங்கும் அவரைக் காப்பாற்றும்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. போர்ஷன் முடிய வேண்டும், செய்முறைப் பதிவேடு கையெழுத்தாக வேண்டும், நீட் எழுதப்போகிறவர்களுக்குத் தனி வகுப்பு, நடுவில் தேர்தல் பணி வேறு. மதிப்பெண் தராத ஒன்றுக்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் நான் சொல்லும் பீரியட் பாடத்துக்கு வெளியே போவதில்லை. மூன்றாம் விதிக்கு ஒரு கணக்கு எப்படியும் போடத்தான் போகிறீர்கள். செயற்கைக்கோள் கணக்குக்குப் பதில் டிராப்பிஸ்ட்-1இ-யைப் போடுங்கள். ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் விதியோடு வெள்ளியின் 54 டிகிரியையும் 460 டிகிரியையும் அருகருகே எழுதுங்கள். அந்த இடைவெளியைப் பார்த்த மாணவர் விதியையும் மறக்க மாட்டார், புவி வெப்பமாதலையும் புரிந்துகொள்வார்.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். கெப்ளர், டெஸ் தரவுகள் பூட்டி வைக்கப்படவில்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள தரவுக் காப்பகத்திலிருந்து யாரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். ஒளி வரைபடங்களைப் பார்த்துக் கடப்புகளைக் குறிக்க 'பிளானட் ஹன்டர்ஸ்' என்ற தன்னார்வத் திட்டமும் இருக்கிறது. கணினி தவறவிட்டதை மனிதக் கண்கள் பிடித்திருக்கின்றன. நான்கு விண்மீன்கள் கொண்ட அமைப்பில் ஒரு கோள் இருப்பதை 2012-இல் அந்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள்தான் கண்டறிந்தார்கள். 2019-இல் நாசாவின் கோடார்டு மையத்துக்குக் கோடைப் பயிற்சிக்கு வந்த 17 வயதுப் பள்ளி மாணவர், டெஸ் தரவில் இரண்டு சூரியன்களைச் சுற்றும் டிஓஐ-1338பி கோளின் அடையாளத்தை முதலில் கவனித்தார். நம் அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் கணினியும் இணையமும் இருக்கின்றன. ஆங்கிலத் திரையைக் கண்டு மிரளும் மாணவருக்கு அருகில் நின்று, "இந்தப் பள்ளத்தைப் பார், இது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணு" என்று தமிழில் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

இந்தத் தேடல் நம் மாணவர்களுடைய காலத்தில்தான் உச்சத்தை எட்டப் போகிறது. சூரியனைப் போன்ற விண்மீன்களைச் சுற்றும் பூமி அளவுக் கோள்களுக்காகவே ஐரோப்பிய விண்வெளி முகமை 26 கேமராக்கள் கொண்ட பிளேட்டோவை உருவாக்கியிருக்கிறது. அதற்கும் அப்பால், கோளின் ஒளியையே விண்மீனின் ஒளியிலிருந்து பிரித்து நேரடியாகப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்றை நாசா திட்டமிட்டு வருகிறது. பூமி திருப்பியனுப்பும் ஒளி சூரிய ஒளியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதைப் பிரித்தெடுத்து, உயிர்வாழத் தகுந்தவையாக இருக்கக்கூடிய 25 கோள்களின் காற்றையாவது ஆராய்வது அதன் இலக்கு. திட்டம் நினைத்தபடி நடந்தால் அது பறப்பது 2040-களில். இன்று உங்கள் பதினொன்றாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் இருப்பவருக்கு அப்போது முப்பது வயது கடந்திருக்கும். அந்தத் தரவைப் பிரிக்கும் குழுக்களில் தமிழ்வழியில் படித்து வந்தவர்களும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த வழியை அவர்களுக்கு முதலில் காட்டக்கூடிய இடம் உங்கள் வகுப்பறைதான்.

எனவே என் வேண்டுகோள்கள் மூன்று. வரும் கல்வியாண்டில் ஈர்ப்பியல் பாடம் முடியும் நாளில், மேலே உள்ள கணக்கை ஒரு பீரியட் முழுக்க மாணவர்களையே போடச் செய்யுங்கள். அடுத்த முறை 'இன்னொரு பூமி' செய்தி வரும்போது, இதில் எது அளக்கப்பட்டது, எது ஊகம் என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஆர்வம் காட்டும் இரண்டு மூன்று பேரையாவது கணினி ஆய்வகத்தில் உட்காரவைத்து ஓர் ஒளி வரைபடத்தைத் திறந்து காட்டுங்கள். உங்கள் பள்ளியில் இதைச் செய்து பார்த்தால், என்ன கணக்குப் போட்டீர்கள், மாணவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை அடுத்த பள்ளி ஆசிரியரிடம் பகிர்ந்துகொள்ளுங்கள். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தேவையான மூன்று விதிகளும் ஏற்கெனவே உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன.

நம்பிக்கையுடன்,
உங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் இயற்பியல் கற்ற ஒருவர்